கடற்பாசியிலிருந்து மருந்து மணிகள்: ஆல்ஜினேட்டில் முதல்முறை கை வைப்பவர்களுக்கு

மருந்தைச் சின்னச் சின்ன உருண்டைகளுக்குள் அடைத்து, அது வயிற்றில் திறக்காமல் குடலுக்குப் போய்த் திறக்கும்படி செய்வது எப்படி என்று பி.பார்ம், எம்.பார்ம் மாணவர்களும் பயோடெக் படிப்பவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பவர்களில் பலர் முதல் கேள்வியிலேயே நானோ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதலில் கண்ணுக்குத் தெரிகிற 2, 3 மில்லிமீட்டர் மணியைச் செய்யுங்கள். போட்ட மருந்தில் எவ்வளவு உள்ளே தங்கியது, எவ்வளவு வெளியே ஓடியது, மிச்சம் எங்கே எப்போது வந்தது என்று கணக்குக் காட்டுங்கள். அப்புறம் சின்னதாக்கலாம். பெரிய மணியில் கணக்கு நேராகாதவருக்கு நானோவில் அது நேராகவே ஆகாது, ஏனென்றால் அங்கே கண்ணும் உதவாது, வடிதாளும் உதவாது.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆய்வகப் பயிற்சி மட்டும்தான். இங்கே செய்கிற எதையும் நீங்களும் விழுங்கக்கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. மருந்துத் தூளை எடை போடும்போது கையுறை, முகக்கவசம், கண்ணாடி கட்டாயம்.

ஏன் ஆல்ஜினேட்

சோடியம் ஆல்ஜினேட் என்ற ஜெல் கட்டும் பொருள் பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து வருகிறது. (தாவரவியல்படி கறாராகப் பார்த்தால் பழுப்புப் பாசி தாவரக் குடும்பத்தில் சேராது, ஆனால் மருந்துத் துறையில் இதைத் தாவர வகைப் பாலிமர்களோடு சேர்த்துத்தான் பேசுவார்கள்.) பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்ட் 1881-இல் இதைப் பிரித்தெடுத்துக் காப்புரிமை வாங்கினார். நமக்கும் இது தூரத்துப் பொருள் இல்லை. மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரைகளில் ராமநாதபுரம் மாவட்ட மக்கள் எடுத்துவரும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும், அதாவது சர்காசமும் டர்பினேரியாவும், ஆல்ஜினேட்டுக்கான மூலப்பொருள்கள்தான். நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் கேவிஸ்கான் மருந்தில் வயிற்று அமிலத்தின் மேல் மிதக்கும் ஜெல்லும் இதுதான், பல் மருத்துவர் அச்சு எடுக்கும் மாவும் இதுதான்.

இதை நான் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்வதற்குக் காரணம், இதற்குச் சூடும் வேண்டாம், கரிமக் கரைப்பானும் வேண்டாம். தண்ணீரில் கரைத்து, கால்சியம் உள்ள தண்ணீரில் சொட்டினால் அந்த நொடியே தோல் கட்டிவிடும். ஆல்ஜினேட் சங்கிலியில் மேனுரோனிக், குளுரோனிக் என்று இரண்டு அமிலத் துண்டுகள் உண்டு. குளுரோனிக் துண்டுகள் வரிசையாக வரும் இடங்களில் சங்கிலி மடிந்து குழிகள் உண்டாகும், இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே சேரும்போது அந்தக் குழிகளில் கால்சியம் போய் உட்கார்ந்துகொள்ளும். 1973-இல் வந்த இந்த விளக்கத்துக்கு முட்டைப் பெட்டி மாதிரி என்றே பெயர். இது இவ்வளவு மென்மையான முறை என்பதால்தான் 1980-இல் லிம், சன் என்ற இருவரும் உயிருள்ள கணையத் திட்டுகளையே ஆல்ஜினேட்டுக்குள் அடைத்து, சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்குள் வைத்துக் காட்ட முடிந்தது. செல்லே பிழைத்திருக்கிறது என்றால் உங்கள் மருந்து மூலக்கூறு பெரும்பாலும் கெடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: குளுரோனிக் அதிகமுள்ள ரகம் (நார்வே கடலோர லாமினேரியாவின் தண்டிலிருந்து வருவது அப்படி) விறைப்பான, நொறுங்கும் ஜெல் தரும். மேனுரோனிக் அதிகமுள்ள ரகம் மெத்தென்று இருக்கும். புட்டியில் பாகுநிலை குறைவு, நடுத்தரம், அதிகம் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். முதல்முறைக்கு நடுத்தரம் போதும். புட்டி எண்ணை நோட்டில் எழுதிவையுங்கள், அடுத்த புட்டியில் மணி வேறு மாதிரி வந்தால் அப்போது தெரியும் இதன் அருமை.

கரைசல் தயாரிப்பு

50 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீர், 1 கிராம் சோடியம் ஆல்ஜினேட். அதாவது 2 சதவீதம். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் இங்கே உதவாது. நம் ஊர்க் கடின நீரில் இருக்கும் கால்சியமே ஆங்காங்கே ஜெல் திட்டுகளை உண்டாக்கிவிடும், ஊசி அடைக்கும், காரணம் தெரியாமல் முழிப்பீர்கள்.

தூளை மொத்தமாகக் கொட்டக்கூடாது. காந்தக் கலக்கியில் நன்றாகச் சுழல் விழும்படி ஓடவிட்டு, சுழலின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். கொட்டினால் வெளியே ஈரமாகி உள்ளே உலர்ந்த தூளோடு கட்டி கட்டியாக நிற்கும், அதைக் கரைக்க அரைநாள் போய்விடும். சீக்கிரம் கரையட்டும் என்று கொதிக்க வைப்பதும், கிருமி நீக்க ஆட்டோகிளேவில் வைப்பதும் சங்கிலியை வெட்டிவிடும், பாகுநிலை விழும், மணி தளர்ந்துபோகும். பொறுமையாக ஓரிரு மணிநேரம் கலக்குங்கள். எல்லாம் கரைந்ததும் மூடி, ஒரு இரவு அப்படியே விடுங்கள், காற்றுக்குமிழ்கள் மேலே வந்து போய்விடும். குமிழோடு சொட்டினால் மணிக்குள் குமிழ் மாட்டிக்கொள்ளும், சில மணிகள் மிதக்கும்.

இனி மருந்து. எல்லாரும் டைக்ளோஃபெனக் சோடியம் என்ற வலி மருந்தில்தான் தொடங்குகிறார்கள், கிடைப்பதும் எளிது, 276 நானோமீட்டர் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து அளப்பதும் எளிது. அதில் ஒரு பொறி இருக்கிறது, பின்னால் வருகிறேன். 0.5 கிராம் மருந்தை நன்றாக அரைத்து, இந்தக் கரைசலில் மெதுவாகக் கலந்து, ஒரே சீராகும்வரை ஓடவிடுங்கள். சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் போலத் தண்ணீரில் தாராளமாகக் கரையும் மருந்தை முதலில் எடுக்காதீர்கள், மணி சொட்டும் கால்சியம் தண்ணீர்த் தொட்டியிலேயே பாதிக்கு மேல் போய்விட்டால் மனசு விட்டுப்போகும்.

மருந்துக்கு முன்னால் சாயத்தை வைத்துப் பழகுவது நல்ல வழக்கம்தான். ஆனால் எந்தச் சாயம் என்று பாருங்கள். மெத்திலீன் நீலம் நேர்மின்னூட்டம் உள்ளது, ஆல்ஜினேட் எதிர்மின்னூட்டம் உள்ளது, இரண்டும் ஒட்டிக்கொள்ளும், தொட்டித் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அதைப் பார்த்து நம் மணி எதையும் கசியவிடாது என்று நம்பிவிடக்கூடாது. டார்ட்ராசின் மஞ்சள் போட்டுப் பாருங்கள், சில நிமிடத்தில் தொட்டி முழுக்க மஞ்சளாகும். ஜெல்லின் துளைகளுக்கு இவ்வளவு சின்ன மூலக்கூறைத் தடுக்கும் சக்தி கிடையாது. தாமதப்படுத்துவதெல்லாம் ஒட்டுதலும் கரையாமையும்தான், இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சொட்டும் வேலை

தொட்டிக்கு 100 மி.லி. தண்ணீரில் 2 கிராம் கால்சியம் குளோரைடு. நீரற்றதா, இருநீரேற்றா என்று புட்டியில் பார்த்து எழுதுங்கள், இருநீரேற்றில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு எடை தண்ணீர்தான். நீரற்றதைக் கரைக்கும்போது தண்ணீர் சூடாகும், ஆறவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

சிரிஞ்சில் 22 கேஜ் ஊசி, கறுப்புத் தலை. ஊசி முனையின் சரிவை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தட்டை முனை ஊசியே வாங்குங்கள். சரிவோடு விட்டால் சொட்டு ஒரு பக்கமாகத் தொங்கி, கோணலாக விழும். தொட்டிக்கு மேலே 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் ஊசி நேராக நிற்கட்டும், ஸ்டாண்டில் மாட்டினால் கை நடுங்காது. நிமிடத்துக்கு சுமார் 1 மி.லி., சொட்டுச் சொட்டாக, தாரை ஆகாமல். தொட்டிக்குள் காந்தம் மெதுவாகச் சுற்றட்டும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாத அளவுக்கு.

மணியின் உருவமே என்ன பிழை என்று சொல்லிவிடும். வால் வைத்திருந்தால் உயரம் போதவில்லை அல்லது கரைசல் அளவுக்கு மீறிக் கெட்டி. தட்டையாக வட்டு போலிருந்தால் உயரம் அதிகம் அல்லது கரைசல் நீர்த்துவிட்டது. எல்லாம் ஒன்றாகக் கட்டிக்கொண்டால் வேகம் அதிகம்.

சொட்டி முடித்ததும் 15 நிமிடம் தொட்டியிலேயே விடுங்கள். இன்னும் இறுகட்டும் என்று இரவு முழுக்க விடுபவர்கள் இருக்கிறார்கள். மணி இறுகும், உண்மைதான், ஆனால் அவ்வளவு நேரமும் மருந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் வடிகட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு முறை சட்டென்று அலசுங்கள். பழக்க தோஷத்தில் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் பார்த்துக்கொள்ளும் பாஸ்பேட் கரைசல்) அலசிவிடாதீர்கள், பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், கண்ணெதிரே மணி கொழகொழவென்று ஆகும்.

தொட்டித் தண்ணீரையும் அலசிய தண்ணீரையும் கொட்டாதீர்கள். இரண்டையும் அளந்து, புட்டியில் ஊற்றி, பெயர் எழுதி வையுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

உலர்த்துவதற்கு 40 டிகிரி அவன், ஒரு இரவு. வடிதாளில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பெட்ரி தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். 3 மி.மீ. மணி 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கும், மேல்தோல் சுருக்கம் விழும், பயப்பட வேண்டாம். உறைநிலை உலர்த்தி இருந்தால் உருண்டையாகவே நிற்கும், ஆனால் உள்ளே பஞ்சாக ஓட்டை விழுந்து மருந்து வேகமாக வெளிவரும். அழகான படம் வேண்டுமா, மெதுவான வெளியீடு வேண்டுமா என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

உலர்ந்த மணிகள் முழுவதையும் எடை போடுங்கள். அதில் 50 மி.கி. எடுத்து நசுக்கி, 6.8 பிஎச் பாஸ்பேட் பஃபர் 100 மி.லி.யில் கரையும்வரை கலக்குங்கள். அவசரம் என்றால் பஃபரில் கொஞ்சம் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் கால்சியம் கழன்று மணி சீக்கிரம் உடையும். கலங்கலாக இருக்கும், வடிகட்டி, நீர்த்து, 276-இல் அளங்கள். கூடவே மருந்து போடாத வெற்று மணிகளையும் இதே மாதிரி செய்து அளந்து கழித்துக்கொள்ளுங்கள், இதை விட்டுவிட்டு வரும் எண்ணை நான் நம்பமாட்டேன்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். போட்ட மருந்து 500 மி.கி. உலர்ந்த மணிகள் மொத்தம் 1.3 கிராம் வந்தது, 50 மி.கி. மணியில் 14 மி.கி. மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மணிகளுக்குள் மொத்தம் 364 மி.கி., அதாவது 73 சதவீதம் அடைபட்டது. எடுத்து வைத்த தொட்டித் தண்ணீரிலும் அலசிய தண்ணீரிலும் சேர்த்து 110 மி.கி. இருந்தால் கூட்டுத்தொகை 474. மிச்சம் 26 மி.கி. சிரிஞ்சிலும் பீக்கரிலும் ஒட்டியிருக்கும், ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கூட்டுத்தொகை 300 என்றோ 620 என்றோ வந்தால் அளவீட்டில் எங்கோ கோளாறு இருக்கிறது, கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பல பேர் தொட்டித் தண்ணீரை மட்டும் அளந்து, அதைப் போட்டதிலிருந்து கழித்து, மீதியெல்லாம் உள்ளே என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் அளந்தால்தான் அது கணக்கு.

வெளியீட்டுச் சோதனையும் அந்தப் பொறியும்

50 மி.கி. மருந்துக்குச் சமமான மணிகளை மருந்து கரைவதைச் சோதிக்கும் இயந்திரத்தின் சுழலும் கூடையில் போட்டு, 37 டிகிரி, நிமிடத்துக்கு 100 சுற்று, 900 மி.லி. 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணிநேரம். பிறகு 6.8 பிஎச் பஃபருக்கு மாற்றுங்கள். அரைமணிக்கு ஒருமுறை 5 மி.லி. எடுத்து, எடுத்த அளவு புதுத் திரவத்தை அதே சூட்டில் சேர்த்துவிடுங்கள், அடுத்தடுத்த கணக்கில் அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

அமிலத்தில் மணி சுருங்கியபடி இருக்கும், ஏனென்றால் ஆல்ஜினேட் அங்கே கரையாத ஆல்ஜினிக் அமிலமாக மாறிவிடுகிறது. பஃபருக்கு வந்ததும் சோடியம் உள்ளே புகும், பாஸ்பேட் கால்சியத்தை இழுக்கும், மணி ஊதிப் பெருத்து, வழக்கமாக ஒன்றிரண்டு மணிநேரத்தில் உடைந்துவிடும். வரைபடம் பார்க்க அருமையாக இருக்கும்: அமிலத்தில் அடியோடு படுத்திருக்கும் கோடு, பஃபரில் செங்குத்தாக ஏறும்.

பொறி இங்கேதான் இருக்கிறது. டைக்ளோஃபெனக் அமிலத்தில் தானாகவே கிட்டத்தட்ட கரையாது. மணியே இல்லாமல் வெறும் தூளைப் போட்டாலும் கோடு அடியில்தான் கிடக்கும். ஆகவே அந்த வரைபடத்தைக் காட்டி, எங்கள் மணி மருந்தை வயிற்று அமிலத்திலிருந்து காத்தது என்று எழுதினால் அது நிரூபணம் ஆகாது, மருந்தின் குணத்தை மணியின் பெருமையாக எழுதுவதுதான் அது. இப்படி எழுதப்பட்ட புராஜெக்ட் அறிக்கைகளை நிறையப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இதைச் சரிசெய்ய ஒரு நாள் வேலை போதும். வெறும் மருந்தையும் அதே இயந்திரத்தில், அதே நேரத்தில் பக்கத்துக் கூடையில் ஓடவிடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே உங்கள் மணியின் வேலை.

இதோடு இன்னொரு வழக்கத்தையும் விடுங்கள். ஹிகுச்சி, கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் என்று மருந்து வெளியீட்டை விளக்கக் கிடைத்த சமன்பாட்டிலெல்லாம் மொத்தத் தரவையும் பொருத்தி, எதில் ஆர் ஸ்கொயர் (பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் எண்) அதிகமோ அதுதான் இயக்கமுறை என்று எழுதுவது. பெப்பாஸ் சமன்பாடு முதல் 60 சதவீத வெளியீட்டுக்குத்தான் செல்லும். நடுவில் திரவத்தை மாற்றி, மணியும் உடைந்துபோன ஒரு சோதனையில் ஒரே சமன்பாடு முழுக்கப் பொருந்துவதற்குக் காரணமே இல்லை.

இனி சின்னதாக்கலாம்

மெல்லிய ஊசி போட்டால் சின்ன மணி வரும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். வரும், ஆனால் ரொம்பக் கொஞ்சம்தான். சொட்டின் எடையும் பரப்பு இழுவிசையும் சமமாகும் இடத்தில்தான் சொட்டு விழுகிறது, அதனால் சொட்டின் விட்டம் ஊசி விட்டத்தின் கனமூலத்தைப் பொறுத்தது. மணியைப் பாதியாக்க ஊசியை எட்டில் ஒன்றாக்க வேண்டும். 22 கேஜில் 3 மி.மீ. பக்கம் வரும் சொட்டு, அதில் பாதிக்கும் குறைவான விட்டமுள்ள 30 கேஜில்கூட 2 மி.மீ.க்கு மேல்தான் இருக்கும், 2 சதவீதக் கரைசலை அதற்குள் தள்ளக் கட்டைவிரல் நோவதுதான் மிச்சம். ஊசியைச் சுற்றிக் காற்றை ஊதிச் சொட்டை முன்னதாகவே பறிப்பது, அல்லது உயர் மின்னழுத்தம் கொடுப்பது என்று வழிகள் உண்டு. இவற்றில் சில நூறு மைக்ரான் வரை இறங்கலாம். ஆனால் மின்னழுத்தக் கருவியைப் பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

கருவி இல்லாதவர்களுக்கு எண்ணெய் வழிதான் நல்லது. 20 மி.லி. ஆல்ஜினேட்-மருந்துக் கரைசலில் 0.1 கிராம் மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்துகொள்ளுங்கள். இது கரையாத தூள் என்பதால் இப்போது ஜெல் ஆகாது. 100 மி.லி. சூரியகாந்தி எண்ணெயில் துளிகள் சேர்ந்துவிடாமல் தடுக்கும் ஸ்பான் 80 என்ற பால்மமாக்கி 1 மி.லி. சேர்த்து, மேலிருந்து கலக்கும் கருவியால் நிமிடத்துக்கு 500 சுற்றில் ஓடவிட்டு, ஆல்ஜினேட்டை அதில் ஊற்றி 15 நிமிடம் கலக்கினால் எண்ணெய்க்குள் நுண்ணிய துளிகளாகப் பிரியும். அப்புறம் 10 மி.லி. எண்ணெயில் கலந்த 0.15 மி.லி. அடர் அசிடிக் அமிலத்தைச் சேருங்கள். அமிலம் துளிக்குள் போய்க் கார்பனேட்டைக் கரைக்கும், கால்சியம் உள்ளிருந்தே வெளிப்பட்டு ஜெல் ஆக்கும். இந்த அளவுகள் ஏனோதானோ என்று சொன்னவை அல்ல: 0.1 கிராம் கார்பனேட்டைக் கரைக்க ஏறக்குறைய 0.115 மி.லி. அமிலம் வேண்டும், கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கிறோம். அளவை மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கரியமில வாயு வரும், பாத்திரத்தை இறுக மூடாதீர்கள்.

10 நிமிடம் கழித்து எல்லாவற்றையும் 1 சதவீதக் கால்சியம் குளோரைடு தண்ணீரில் ஊற்றி அசையாமல் விட்டால் மணிகள் தண்ணீருக்குள் இறங்கிவிடும், எண்ணெய் மேலே நிற்கும். எண்ணெயை எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க 1 சதவீத ட்வீன் 80 கரைசலில் (சோப்பு போல வேலை செய்வது) அலசி வடிகட்டுங்கள். அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கலக்கும் வேகம்தான். வேகத்தைக் கூட்டிக் கூட்டி ஒவ்வொரு தடவையும் நுண்ணோக்கியில் நூறு மணிகளாவது அளந்து பாருங்கள், சராசரியை மட்டும் எழுதாமல் பரவலையும் எழுதுங்கள், ஏனென்றால் இந்த முறையில் அளவு ஒரே சீராக வராது.

சின்னதாகச் சின்னதாக மணியின் பரப்பு அதன் கனஅளவோடு ஒப்பிட்டால் ஏறிக்கொண்டே போகும், மருந்து வெளியே போகும் தூரமும் குறையும். 3 மி.மீ. மணியில் 73 சதவீதம் தங்கிய அதே மருந்து இங்கே பாதிகூடத் தங்காமல் போகலாம். அப்போதுதான் நீங்கள் எடுத்து வைத்த தொட்டிக் கணக்கு கைகொடுக்கும், எந்தப் படியில் ஓடியது என்று தேட முடியும்: எண்ணெயிலா, கால்சியம் தண்ணீரிலா, ட்வீன் அலசலிலா. மூன்றையும் தனித்தனியாக அளங்கள். கசிவு அலசலில்தான் என்றால் அலசும் நேரத்தைக் குறையுங்கள். கால்சியம் தண்ணீரில் என்றால் அந்தத் தண்ணீரில் முன்கூட்டியே மருந்தைக் கரைத்து வைக்கலாம், உள்ளேயும் வெளியேயும் செறிவு நெருங்கினால் கசிவு குறையும். கணக்கில் அதைக் கழிக்க மட்டும் மறக்காதீர்கள்.

இது கைவந்தபின் ஆல்ஜினேட்டுக்குப் பதிலாக, மெத்தாக்சில் (சங்கிலியில் ஒட்டியிருக்கும் ஒரு வேதித் தொகுதி) குறைந்த பெக்டினை 4 சதவீதத்தில் எடுத்து இதே சொட்டும் முறையில் செய்து பாருங்கள். எலுமிச்சை வகைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் வருவது, இதுவும் கால்சியத்தில்தான் கட்டும். நம் செரிமான நொதிகள் பெக்டினை உடைப்பதில்லை, பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைக்கும், அதனால் பெருங்குடலுக்கு மருந்து கொண்டுபோக நினைப்பவர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். வாங்கும்போது புட்டியில் மெத்தாக்சில் அளவு குறைவு என்று இருக்கிறதா பாருங்கள். ஜாம் செய்ய விற்கும் சாதாரணப் பெக்டின் பெரும்பாலும் மெத்தாக்சில் அதிகமுள்ளது, அதைக் கால்சியம் தொட்டியில் சொட்டினால் மணி கட்டாது.